மருதாத்தாள் அக்காவின் குரல்

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்து மூன்றாம் வருஷம், மழை ஓய்கிற சமயத்தில். பாலக்காடு டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குக் கள்ளியம்பாறையில்தான் வேலை கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ்ஸில் ஏறினால் எல்லைக்குச் சற்று முன்னால் வருகிற சின்ன ஊர் அது. என் சிறிய தகப்பனார் மொய்து அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்பதால்தான் அத்தா என்னை வேலைக்கு அனுப்பச் சம்மதித்தார்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. தபாலாபீசுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு நீள அறை. சுவரோரம் ஒரு பலகை. அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு சின்னத் தகடு. யாராவது தங்கள் வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர்களுடைய தகடு டக்கென்று விழும். ஒயரின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அந்த நம்பரின் துளையில் செருக வேண்டும். வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. இந்த இரண்டு பலகைகளுக்கு முன்னால்தான் என் வாலிபம் கழிந்தது. இப்போது நினைத்தாலும் தகடு விழுகிற சத்தமும், சூடான ஒயரின் ரப்பர் வாசனையும், ஜன்னலுக்கு வெளியே களத்தில் காய்கிற நிலக்கடலையின் மண் மணமும் சேர்ந்தே வருகின்றன.

அந்த அறையில் என்னோடு இருந்தவர் மருதாத்தாள் அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கணவர் அர்த்தநாரி பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரே மகன் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

அக்கா யாரிடமும் நம்பர் கேட்டு நான் பார்த்ததில்லை. தகடு விழுந்து, அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

"ஏனுங்க, மில்லுக்குங்களா? மொதலாளி இப்பத்தான் சாப்பிடப் போனாருங்க. ஊட்டுக்கே போட்டுத் தாரேன், இருங்க."

வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி பட்டது போன்ற குரல். அது ஒயருக்குள் போனால் இன்னும் துலக்கமாகும். எந்த பஸ் தாமதம், எந்த ஊரில் மழை, யார் வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஓர் இடத்தில் கேட்டதை இன்னோர் இடத்தில் சொல்ல மாட்டார். போனே இல்லாத வீட்டுப் பெண்கள்கூடத் தபாலாபீசுக்கு வந்தால் பின்பக்கம் எட்டிப் பார்த்து அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்புக்கு எங்கள் சூப்பர்வைசர் சென்னிமலை முன்னறையிலிருந்து எத்தனையோ தடவை மேசையைத் தட்டியிருக்கிறார்.

அந்த அக்கா மாறிப்போனார். எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னாலும் முடியவில்லை.

முதலில் குளிர் என்றார். பங்குனி மாதத்துப் பாலக்காட்டு வெயில் எப்படியிருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மலை இடுக்கு வழியாக வரும் காற்றுகூட அடுப்படிக் காற்று போலச் சுடும். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவார்.

"எலும்புக்குள்ள குளுருதம்மிணி. உனக்கு இல்லையா?"

என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

பிறகு அலுப்பு. காலையில் வரும்போதே ஒரு முழு நாள் களையெடுத்துவிட்டு வந்தவர் போல இருப்பார். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முகம் லேசாக உப்பியது. உடம்பு போட்டிருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பேச்சின் வேகம் குறைந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில், தேடுகிறவர் போல நிற்பார். வருஷக்கணக்காகத் தெரிந்த நம்பர்களை என்னைக் கேட்கத் தொடங்கினார்.

"பேரு வாய் வரைக்கும் வருது. அப்பறம் திரும்பிப் போயிருது" என்றார் ஒருநாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஆடியில் அவருடைய அம்மா காலமானார். நான் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்க, அக்கா மட்டும் சுவரில் சாய்ந்து, வேறு யாருக்கோ நடக்கிற காரியத்தைப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெற்ற தாயின் மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "உத்தியோகத் திமிரு, பாரு" என்று இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள். அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்த பிறகு அவரே சொன்னார்.

"எனக்கு அழுகை வரலை அம்மிணி. அம்மா போயிட்டாங்கன்னு தெரியுது. ஆனா மனசுல ஒறைக்க மாட்டேங்குது. எல்லாமே பஞ்சுக்குள்ள கையை உட்டாப்பல இருக்குது."

"அதிர்ச்சியா இருக்கும் அக்கா. கொஞ்ச நாள் போனா சரியாகிடும்" என்றேன்.

"அம்மா சாகறதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துது" என்றார்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மகன் விடுதிக்குப் போன ஏக்கம் என்றார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். அர்த்தநாரி அண்ணன் கோயில் கோயிலாக அழைத்துக்கொண்டு போனார், மணிக்கட்டில் கயிறு கட்டிக் கூட்டிவந்தார். ஊரின் ஒரே டாக்டர் விசாலம், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். அவர் அந்த வருஷத் தொடக்கத்திலேயே மேல்படிப்புக்காக மெட்ராஸ் போயிருந்தார். அவருடைய கிளினிக்கைப் பார்த்துக்கொண்ட கம்பவுண்டர் ரத்தம் குறைவு என்று சிவப்பு டானிக் கொடுத்தார். டானிக் தீர்ந்ததே தவிர ஒன்றும் மாறவில்லை. அண்ணன் குறை சொல்லாத மனிதர். காலையில் கடை திறக்கும் முன் அவரே சோறு வடித்து, அக்காவுக்கும் டிபன் கேரியரில் கட்டிக்கொடுத்தார்.

குரலும் மாறியது. கரகரத்து, தடித்து, நாக்கு வாய்க்குள் புரள இடமில்லாதது போல ஒரு குரல். "புது ஆளாம்மா? மருதாத்தா லீவா?" என்று கேட்டார் வெல்ல மண்டிக்காரர் ஒருவர். "லீவுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா இணைப்பைக் கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "விளக்கம் சொல்ல யாரால ஆகும்" என்றார்.

எழுபத்தாறு கடைசியில் அந்தச் சம்பவம் நடந்தது. சூசையப்பன் என்று ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மனைவி இல்லை. மகள் சந்தனம் இடுக்கி மலையில், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாத்தியார் எங்கள் தபாலாபீசுக்கு வந்து டிரங்க் கால் பதிவு செய்வார். மகள் அங்கே எஸ்டேட் ஆபீசில் காத்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கியமானது. சந்தனத்தைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் அங்கே வருவதாக இருந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால்தான் அவள் பதில் சொல்ல முடியும்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடமிருந்து வேலையை மாற்றிக்கொள்ள நான் வந்தபோது வாத்தியார் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"லைன் கெடைக்கலையா சார்?"

"இல்லம்மா. மலைப் பக்கம் மழையா இருக்கும்போல."

உள்ளே வந்து கேட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அந்த டிரங்க் காலைப் போடவேயில்லை, மறந்துபோயிருந்தார். பதிவுச் சீட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் அவசரமாகப் பாலக்காட்டையும், அதன் வழியாக மற்ற எக்ஸ்சேஞ்சுகளையும் பிடித்தேன். மலையில் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. எஸ்டேட் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள்.

வாத்தியார் கோபப்படவில்லை. அவர் பெண்ணும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அவகாசம் கேட்டுச் சமாளித்துவிட்டாள். பின்னால் அந்தக் கல்யாணமே நல்லபடியாக நடந்தது. ஆனால் விஷயம் சென்னிமலை காதுக்குப் போய்விட்டது. அது எமர்ஜென்சிக் காலம். சின்னத் தவறுக்கும் மேலதிகாரிகள் விளக்கம் கேட்பார்கள். சென்னிமலை கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"மருதாத்தா, பொங்கல் கழிஞ்சதும் நீ முன்னாடி வந்துரு. தபாலுக்கு முத்திரை குத்தற வேலைதான். போர்டுக்கு வேற ஆளைக் கேட்டிருக்கறேன்."

"சரிங்க" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அந்தப் பலகையை யாராவது துணி போட்டுத் துடைத்தால்கூட, பார்த்துத் துடை என்று சொல்கிறவர் அவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சரிங்க என்றது எனக்குத்தான் தாங்கவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், டாக்டர் விசாலம் வீட்டுத் தகடு விழுந்தது. இரண்டு வருஷமாக விழாத தகடு. அக்கா ஒயரைச் செருகினார். நானும் காதில் மாட்டிக்கொண்டேன். டாக்டர் ஊர் திரும்பிவிட்டாரா என்று தெரிந்துகொள்ளும் ஆவல்.

"நம்பர் சொல்லுங்க."

"ஆரு பேசறது? மருதாத்தாள் இல்லையா?"

"நான்தாங்க டாக்டர்."



"நீயாடி? இன்னொரு தரம் பேசு. ஏதாவது பேசு, கேக்கட்டும்."

"என்னத்தைப் பேசறதுங்க? நல்லா இருக்கீங்களா? எப்ப வந்தீங்க?"

"நேத்திக்கு வந்தேன். ஜலதோஷமா உனக்கு?"

"இல்லீங்க."

"எத்தர நாளா தொண்டை இப்படி இருக்கு?"

"தெரியலீங்க. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"குளுருமோ? முடி கொட்டறதோ?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். இதையெல்லாம் யார் சொன்னது என்பது போல.

"ஆமாங்க."

"நாளைக்குக் காலம்பற கிளினிக்குக்கு வா. உன் ஆத்துக்காரரையும் கூட்டிண்டு வா. பேடிக்க வேண்டாம், பயப்படும்படியா ஒண்ணுமில்லே. ஆனா வராம இருந்துடாதே, கேட்டயா?"

யாருக்குப் பேசுவதற்காக டாக்டர் போனை எடுத்தார் என்பதை அவரும் மறந்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் அக்கா தனக்குத் துணையாக என்னையும் வரச் சொன்னார். டாக்டர் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீரை விழுங்கச் சொன்னார். நாடி பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியின் மேல் அக்காவை முட்டிபோட்டு நிற்கச் சொன்னார், பாதங்கள் வெளியே தொங்கும்படி. குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் துள்ளிய பாதம் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. யோசித்து யோசித்து இறங்கியது.

"நபீஸா, இப்ப நீ ஏறு."

என் காலைத் தட்டினார். துள்ளிய வேகத்திலேயே பாதம் திரும்பிவிட்டது.

"பாத்தேளா வித்தியாசத்தை?" என்றார் அர்த்தநாரி அண்ணனிடம். "கழுத்துலே தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எந்த வேகத்துலே ஓடணும்னு தீர்மானிக்கறது அதுதான். அது கொஞ்சம் மந்தமாயிருந்தா எல்லாமே மந்தம். கால் மந்தம், குடல் மந்தம், யோசனை மந்தம், ஞாபகம் மந்தம். சந்தோஷம், துக்கம்கூட மெதுவாத்தான் வரும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் கேட்டார்.

"அப்ப இது மனசு வியாதி இல்லீங்களே?"

"வியாதி கழுத்துலே. கஷ்டம் மனசுக்கு. அதனாலே அவளை ஒண்ணும் குத்தம் சொல்லப்படாது."

"நான் சொன்னதில்லீங்க" என்றார் அண்ணன்.

அக்கா டாக்டர் பக்கம் திரும்பினார். "சோம்பேறித்தனம் இல்லீங்களா டாக்டர்?" என்றார் இப்போது. "நான் சோம்பேறி ஆயிட்டேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். புத்தி மங்கிப் போச்சு, இனி இவ்வளவுதான்னு நெனச்சேன்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை பக்கத்தில் எங்கும் கிடையாது. வேலூருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. சுரப்பி நின்றுபோகவில்லை, கொஞ்சம்தான் குறைவு என்று வந்தது. "கொஞ்சம்தானே" என்று அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார். டாக்டர் சொன்னார்:

"வயல்லே வேலை செய்யறவளுக்கு இது தெரியாமலேகூடப் போயிருக்கும். இவ நாள் முழுக்க ஞாபகத்தையும் காதையும் வெச்சு வேலை செய்யறவ. அதனாலே இவளுக்கு இந்தக் கொஞ்சமே ஜாஸ்தி. மாத்திரை தரேன். ஆனா எல்லா வருத்தமும் இதனாலேதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாதி குறைஞ்சாலும் நல்லதுதானே. பொறுத்துப் பாக்கணும்."

சென்னிமலையிடம் டாக்டரே போனில் பேசினார். முத்திரை குத்தும் வேலைக்கு மாற்றுவது தள்ளிப்போனது.

விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வேண்டாமென்று விட்டுவிடப் பார்த்தார். அண்ணன் கடைக்குப் போகுமுன் கையில் மாத்திரையையும் டம்ளரையும் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நிற்பாராம். டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டினார். சித்திரையில் ஒருநாள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். "ஏம்மிணி, அந்த ஃபேனைப் போட்டா என்ன?" என்றார் அக்கா. நான் எழுந்து போட்டேன். பேசினால் கலைந்துவிடுமோ என்று இருந்தது.

அடுத்து வந்தது கோபம். வேலை அட்டவணை போட்ட சென்னிமலை, அக்கா எதற்கும் சரி என்பார் என்ற பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அவர் பெயரிலேயே எழுதியிருந்தார்.

"ஏனுங்க சார், எனக்கு ஊடு வாசல் இல்லீங்களா? மாசத்துல எல்லா ஞாயித்துக்கிழமையும் நானே வரோணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது?"

முன்னறையில் தபால் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சென்னிமலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "மாத்திடறேன் தாயே" என்று பேனாவை எடுத்தார்.

ஆவணியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். மில் தகடு விழுந்தது. அக்கா எடுத்தார். நெல் அரைக்க வந்த யாரோ ஒரு வயதான அம்மாள், பொள்ளாச்சியில் ஒரு மில்லில் வேலை பார்க்கிற தன் மகனோடு பேச முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். போனைப் பிடித்துப் பழக்கமில்லாதவள். இணைப்பு கிடைப்பதற்கு முன்பே, எடுத்தது மகன்தான் என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிட்டாள்.

"கண்ணு, சோறு உண்டயா? வெயில்ல அலையாத சாமி."

அக்கா இணைப்பைக் கொடுத்தார். அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. முதலில் சத்தமில்லை. அப்புறம் வாய்விட்டு, அந்தப் பக்கத்துப் பெண்கள் சாவு வீட்டில் அழுவது போல, அம்மாவை அழைத்து அழைத்து அழுதார். முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த சென்னிமலை கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு பலகையையும் பார்த்துக்கொண்டேன். ஒரு கையால் ஒயரைச் செருகிக்கொண்டு, இன்னொரு கையை அவர் முதுகில் வைத்திருந்தேன்.

அழுது முடித்து, முகம் கழுவி வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்குத்தான் செத்தாங்க அம்மிணி எங்கம்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனை வரவழைத்து, அம்மா வாழ்ந்த தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். தன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டிலும் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "எல்லாருகிட்டயும் அம்மாவைப் பத்திப் பேசோணும்போல இருந்துச்சு. அவ அம்மாவோட சிநேகிதியாச்சே."

போனதெல்லாம் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். குரலில் பழைய துலக்கம் முக்கால்வாசிதான் வந்தது. அடியில் ஒரு கனம் தங்கிவிட்டது. சில நம்பர்களை அவர் புதிதாகவே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. காரணமில்லாமல் மனம் சோர்ந்துபோகும் நாள்களும் இருந்தன. முன்பானால் அதை நினைத்துப் பயந்திருப்பார். இப்போது, "இன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருக்குதம்மிணி, நீ லோக்கலைப் பாரு, நான் டிரங்கைப் பாக்கறேன்" என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு வந்த இரண்டு வருஷம்தான் எங்கள் நட்பின் நல்ல காலம். மத்தியானங்களில் வேலை குறைவாக இருக்கும்போது என் சித்தி கொடுத்தனுப்பும் பத்திரி என்கிற அரிசி ரொட்டியையும் அவர் கொண்டுவரும் பருப்புச் சோற்றையும் பகிர்ந்துகொண்டு, ஊரெல்லாம் தூங்குகிற நேரத்தில் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவில்லை.

எழுபத்தொன்பதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பாலக்காட்டுக்கே மாற்றல் கிடைத்தது. புறப்படுகிற அன்று அக்கா பஸ் ஏற்றிவிட வந்தார். தபாலாபீசிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். மகன் கோயமுத்தூரில் சேரப்போகிற படிப்பு, வெல்ல மண்டிக்காரர் வீட்டுச் சண்டை, தோட்டத்தில் ஈன்ற எருமை, என் மாமியாரிடம் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. ஒன்றை முடிக்குமுன் இன்னொன்றுக்குத் தாவினார். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

நான் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எருமைக் கன்றின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அக்கா கூடவே நாலைந்து எட்டு நடந்து வந்தபடி பேசினார். பிறகு நின்றுவிட்டார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டேயிருந்தது, வளைவு திரும்பும்வரை.